நான் படித்த கதைப் புத்தகங்களும் என் பிள்ளைகள் பிடித்த ஓட்டைகளும்

வணக்கம் மக்களே. தண்டையார்பேட்டையிலிருந்து உங்கள் வயர்மேன் பேசுகிறேன். பின்னால் கேட்கிற இரைச்சல் கண்டெய்னர் லாரி. துறைமுகத்துக்குப் போகிற லாரிக்காரர் நான் வீடியோ எடுக்கிறேன் என்று ஹாரனைக் குறைக்கப் போவதில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு ஸ்விட்ச் போர்டு இல்லை, இன்வெர்ட்டர் இல்லை. இதோ, இந்த அட்டைப்பெட்டிதான். இதில் பாதி என் நைனா சேர்த்தது, மீதி நான் சேர்த்தது. மகள் ஆறாவது படிக்கிறாள், மகன் இரண்டாவது. சின்ன வயதில் நான் சோறு தண்ணி மறந்து படித்த கதைகளை இவர்களுக்குப் படித்துக் காட்டினால் என்ன ஆகிறது என்பதைத்தான் பேசப்போகிறேன்.

முதலில் இவர். இரும்புக்கை மாயாவி. 1972ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே இவர் கதைதான். அசல் இங்கிலாந்துச் சரக்கு. 'ஸ்டீல் கிளா' என்ற பெயரில் 1962லேயே அங்கே வார இதழில் வந்த தொடர். ஆனால் எங்கள் தெருவில் யாரும் அவரை வெள்ளைக்காரராக நினைத்ததில்லை. ஒரு கை இரும்பு. உடம்பில் கரண்ட் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், அந்தக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அவ்வளவுதான் விஷயம். அதை வைத்தே எத்தனை கதைகள்!

இப்போது யோசித்துப் பாருங்கள். வயரிங் வேலை செய்கிற அப்பன், கரண்ட்டில் கையை வைத்தால் மாயமாகலாம் என்று பிள்ளைக்குக் கதை படிக்கிறான். சின்னவன் நான் பயந்த கேள்வியையே கேட்டான். "அப்பா, நம்ம வீட்டு பிளக்ல விரலை விட்டா?"

புத்தகத்தை மூடிவிட்டு அவனை மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் தூக்கிக்கொண்டு போனேன். மெயின் பக்கத்தில் இருக்கிற ஆர்.சி.சி.பி.யைக் காட்டினேன். நம் ஆட்கள் பழக்கத்தில் இ.எல்.சி.பி. என்பார்கள். போகிற கரண்ட்டும் திரும்பி வருகிற கரண்ட்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். யார் உடம்பு வழியாகவாவது தரைக்குக் கசிந்தால் கணக்கு உதைக்கும், உடனே லைனை வெட்டிவிடும். வீட்டுக்குப் போடுகிற வகைக்கு 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே போதும். சொன்னால் புரியுமா? டெஸ்ட் பட்டனை அமுக்கிக் காட்டினேன். வீடே இருட்டு. சமையலறையிலிருந்து மிக்ஸி நின்ற கோபத்தில் ஒரு குரல் வந்தது, அதை எடிட்டிங்கில் எடுத்துவிட்டேன்.

சின்னவன் தீர்ப்பு சொன்னான்: "அப்போ நம்ம வீட்ல மாயாவி மறையவே முடியாது."

அக்கா விடுவாளா? "அவரு பழைய வீடா பாத்துப் போவாரு" என்றாள். அப்புறம் ரெண்டு பேரும் உட்கார்ந்து, எங்கள் ஏரியாவில் மாயாவி எந்த வீட்டில் மறையலாம், எந்த வீட்டில் மாட்டிக்கொள்வார் என்று பட்டியல் போட்டார்கள். இன்னும் பீங்கான் ஃபியூஸ் வைத்திருக்கிற வீடுகள் எவை என்று எனக்குத் தெரியும், வேலைக்குப் போன இடங்கள்தானே. சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். அந்த வீட்டுக்காரர்கள் யாராவது இதைப் பார்த்தால், சீக்கிரம் ஆர்.சி.சி.பி. போட்டுவிடுங்கள். மாயாவிக்காகச் சொல்லவில்லை. பெற்றவர்களும், பிளக்கைப் பற்றிப் பேசி முடிக்காமல் இந்தப் புத்தகத்தை சின்னப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்.

நமக்குப் பிடித்த புத்தகம் என்றால் அதைச் சாமி படம் மாதிரி துடைத்துக் கொடுக்கிறோம். பிள்ளை ஒரு குறை சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது. ஆனால் என் வீட்டில் நான் பார்த்தவரை, குறை சொல்ல இடம் கிடைத்த புத்தகத்தைத்தான் அவர்கள் மறுபடியும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். சும்மா "இது ரொம்ப நல்ல புக்கு" என்று நான் நீட்டியவை எல்லாம் பெட்டியின் அடியில் கிடக்கின்றன.

இதோ அம்புலிமாமா. 1947 ஜூலையில் ஆரம்பித்த பத்திரிகை, சுதந்திரத்துக்கு ஒரு மாதம் மூத்தது. நாகிரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கியது. இந்தப் படத்தைப் பாருங்கள், கேமராவை நகர்த்துகிறேன். ஒரு கையில் வாள், தோளில் பிணம், கண்ணில் கொஞ்சமும் பயம் இல்லாத விக்கிரமாதித்தன். வரைந்தவர் சங்கர். முழுப்பெயர் கே.சி. சிவசங்கரன், 2020ல் காலமானார். ஈரோட்டுப் பக்கம் பிறந்தவர், ஆனால் படித்தது நம்ம முத்தியால்பேட்டை உயர்நிலைப்பள்ளியில். பாரிமுனைப் பக்கம் போகும்போதெல்லாம் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிடுவேன், அலுத்துப்போய்விட்டார்கள்.

வேதாளக் கதையில் எனக்குப் பிடித்த இடம், கதை முடிந்து வேதாளம் கேள்வி கேட்கிற இடம். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும். சொன்னால் வேதாளம் மறுபடி மரத்தில் ஏறிவிடும். சின்னவன் உடனே, "தெரியாதுன்னு பொய் சொல்லலாம்ல?" என்றான். ராஜா பொய் சொல்லலாமா கூடாதா என்று ஒரு பஞ்சாயத்து. நான் பக்கத்தைத் திருப்பவே இல்லை, கையால் மூடிக்கொண்டேன். விக்கிரமாதித்தன் பதிலைச் சொல்வதற்கு முன்னால் இவர்கள் ஒரு பதில் சொல்லவேண்டும், அதுதான் எங்கள் வீட்டு விதி.

ஒரு கதையில் மந்தாரவதி என்று ஒரு பெண். மூன்று பேர் அவளைக் கட்டிக்கொள்ள வருகிறார்கள். அவள் செத்துப்போகிறாள். ஒருவன் சாம்பல் மேலேயே படுத்துக்கிடக்கிறான், இன்னொருவன் எலும்பை கங்கைக்குக் கொண்டுபோகிறான், மூன்றாமவன் ஊர் ஊராகச் சுற்றி மந்திரம் கற்றுவந்து அவளை எழுப்பிவிடுகிறான். அவள் யாருக்கு மனைவி? ராஜாவின் பதில்: உயிர் கொடுத்தவன் அப்பன் மாதிரி, எலும்பைக் கரைத்தவன் பிள்ளை மாதிரி, சாம்பலைக் கட்டிக்கொண்டு கிடந்தவனே புருஷன்.

சின்ன வயதில் இதைக் கேட்டு நான் வாயைப் பிளந்தேன். என்ன மூளை! என் மகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, "அவதான் உயிரோட எழுந்துட்டாளே, அவளைக் கேக்கலாம்ல?" என்றாள்.

நான் விக்கிரமாதித்தனுக்கு வக்காலத்து வாங்கிப் பார்த்தேன். அந்தக் காலம், கேள்வி கேட்டது வேதாளம், அது இது என்று. அவள் மசியவில்லை. அவள் அம்மா மிக்ஸி கணக்கையும் சேர்த்துத் தீர்த்துக்கொண்டாள்: "ராஜாவுக்கே தோணலை, உங்க அப்பாவுக்கு எங்க தோணப்போகுது." அப்புறம் மகள் ஒரு நோட்டில் வேறு முடிவு எழுதினாள். அதில் மந்தாரவதி மூன்று பேரையும் ஊருக்கு அனுப்பிவிட்டு அந்த உயிர்ப்பிக்கிற மந்திரத்தைக் கற்றுக்கொள்கிறாள். எனக்கு அந்த முடிவு பிடித்திருக்கிறது. நைனா இருந்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்.

சரி, பழசையே பேசிக்கொண்டிருக்கிறேன். புதுசில் ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன், யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. 2020ல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கியது. தப்பான தொடுகையைப் பற்றி ஒரு பொம்மையை வைத்துச் சொல்கிற கதை. வீட்டில் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தள்ளிப்போடுகிற பேச்சுக்கு இது வழி திறக்கும். மகளுக்கு மட்டும் இல்லை, மகனுக்கும் படித்துக் காட்டுங்கள். அப்பாக்கள் படியுங்கள், அம்மா தலையில் கட்டாதீர்கள்.

இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள், தமிழ் எழுத்துக் கூட்டுவதற்குள் கதை ஆறிப்போகிறது என்பவர்களுக்கு: பிரதம் புக்ஸ் நடத்துகிற ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே இருக்கின்றன. நான்கு நிலைகளாகப் பிரித்திருப்பார்கள், முதல் நிலையில் பக்கத்துக்கு ஒரு வரி, ரெண்டு வரிதான். போனில் காட்டாமல், பிரிண்ட் எடுத்து ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தேன். சின்னவன் அதில் மீசை வரைந்துகொண்டே படிக்கிறான்.

பழைய புத்தகம் வேண்டும் என்றால் சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளம் கடைகள். 1985ல் மூர் மார்க்கெட் எரிந்தபின் அந்தக் கடைக்காரர்கள் வந்து உட்கார்ந்த இடம். புதுசுக்கு ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சி. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறாமல் நந்தனத்திலேயே இறங்கலாம். அல்லிக்குளத்தில் வாங்கும்போது கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டாலும் வாங்கலாம், முடிவை எழுத என் வீட்டில் ஆள் இருக்கிறாள். ராயபுரத்தில் ஒரு வீட்டில் ஃபேன் மாட்டவேண்டும், கிளம்புகிறேன்.