காலிக் கோட்டையின் ஓரியன்டல் ஹோட்டல்

வணக்கம் நேயர்களே. நான் இப்போது இலங்கையின் தென்கரையில் உள்ள காலிக் கோட்டைக்குள், சேர்ச் வீதியில், ஒல்லாந்தர் 1755 இல் கட்டிய தேவாலயத்துக்கு அண்மையில் நிற்கின்றேன். எனக்குப் பின்னால் நீண்ட விறாந்தையோடு தெரியும் கட்டடம் இன்று அமன்கல்லா என்ற பெயரில் இயங்கும் ஆடம்பர விடுதியாகும். 1684 இல் ஒல்லாந்தத் தளபதிகளுக்காக எழுப்பப்பட்ட இக்கட்டடம் 1863 இல் ஓரியன்டல் ஹோட்டலாக மாறியது. அந்த ஹோட்டலின் முதல் முப்பது ஆண்டுகளைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

மதிலுக்குள் அடங்கிய இத்தனை சிறிய நகரத்துக்கு ஐரோப்பியப் பயணிகளுக்கென ஒரு பெரிய ஹோட்டல் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். விடை கடலில் இருக்கின்றது. 1840களின் தொடக்கத்தில் பி அண்ட் ஓ என்ற பிரித்தானியக் கப்பல் கம்பனி சூயசிலிருந்து கல்கத்தாவுக்கு நீராவிக் கப்பல் விடத் தொடங்கியபோது, காலி அக்கப்பல்கள் நிலக்கரி ஏற்றும் துறையாயிற்று. பின்னர் சீனாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் செல்லும் வழிகளும் இங்கேயே பிரிந்தன. சூயஸ் கால்வாய் அப்போது இல்லை. இங்கிலாந்திலிருந்து புறப்பட்டவர் அலெக்சாந்திரியாவில் இறங்கி, எகிப்தைத் தரைவழியாகக் கடந்து, சூயசில் வேறு கப்பலேறிக் காலிக்கு வந்து, தாம் போகவேண்டிய திசைக்குரிய அடுத்த கப்பலுக்காக மறுபடியும் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பே இந்த ஹோட்டலின் மூலதனம் என்பது என் எண்ணம். கப்பல் மாறாதவர்கள்கூட, நிலக்கரி ஏற்றும்போது மேல்தளம் முழுவதும் படியும் கரித்தூளுக்கு அஞ்சிக் கரையிறங்கினார்கள்.

இந்த விறாந்தையைச் சற்று நேரம் பாருங்கள். கப்பல் வந்த நாளில் இரத்தினக்கல் வியாபாரிகள், ஆமையோட்டுச் சீப்பு விற்பவர்கள், கருங்காலி மரத்தில் யானை செதுக்கியவர்கள், ரேந்தை பின்னிய பெண்கள் என்று காலியின் கைத்தொழில் அனைத்தும் ஒருங்கே வந்து நின்ற இடம் இது. கப்பல் கொண்டுவந்த செய்திக்கும் அவ்வளவு மதிப்பு இருந்தது. ஹோட்டல் திறக்கப்படுவதற்கு முன்னர், 1850 இலிருந்து, கொழும்பின் ஒப்சேவர் பத்திரிகை ஐரோப்பியச் செய்திகளைப் புறாக்களின் காலில் கட்டி இங்கிருந்து தருவித்தது. 1858 இல் தந்தி வந்த பிறகே அந்தப் புறாக்களுக்கு ஓய்வு கிடைத்தது.

ஆனால் காலித் துறைமுகம் எளிதான துறைமுகம் அன்று. வாயிலிலேயே பாறைகள் உள்ளன. நாங்கள் சோளகம் என்று சொல்லும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கப்பல்களுக்குப் போதிய மறைவும் இல்லை. 1871 நவம்பர் 1 ஆம் தேதி பி அண்ட் ஓ கம்பனியின் ரங்கூன் என்ற கப்பல் கதிர்ப் பாறையில் மோதி இங்கேயே மூழ்கியது. 1869 இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் கப்பல்கள் பெருத்தன; எகிப்தில் இறங்கிக் கப்பல் மாறும் பழைய பயணமுறையும் அற்றுப்போயிற்று. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். அதே ஆண்டில், பழைய படைமனை ஒன்றை மாற்றியமைத்து, கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டல் அங்கே திறக்கப்பட்டது. இருக்கும் கட்டடத்தை ஹோட்டலாக்கும் அதே வழியை, ஏறத்தாழ அதே பெயரோடு, இன்னும் பெரிய அளவில் கொழும்பு கையாண்டது என்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை. 1880களில் பி அண்ட் ஓ கப்பல்கள் கொழும்புக்குப் போய்விட்டன.

1894 இல் ரயில் காலிக்கு வந்தது. கடல்வழியாக வந்து வேறு வழியின்றித் தங்கியவர்களின் இடத்தில், கொழும்பிலிருந்து பழைய கோட்டையைப் பார்க்க வந்தவர்கள் இறங்கினார்கள். பின்னாளில் எஃப்ராம்ஸ் குடும்பத்தினரின் கையில் இது நியூ ஓரியன்டல் ஹோட்டல் என்று பல தலைமுறைகளுக்கு நடந்தது. கப்பல்கள் இங்கேயே தங்கியிருந்தால், பெருகும் கூட்டத்துக்காக இக்கட்டடத்தை இடித்து மாடிமேல் மாடி எழுப்பியிருப்பார்கள் என்றே நான் நம்புகின்றேன். இனி கிழக்குப் பக்க மதிலில் ஏறி, அந்தப் பயணிகள் வந்திறங்கிய துறைமுகத்தை உங்களுக்குக் காட்டுகின்றேன்.