முதல் மனையும் நான்கு எல்லையும்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் வக்கீலும் இல்லை, புரோக்கரும் இல்லை. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, இந்தத் திருச்சியைச் சுற்றி முப்பது வருடத்தில் ஐந்து மனை வாங்கி, மூன்றை விற்றிருக்கிறேன். அவ்வளவுதான் என் தகுதி. ஆனால் யாராவது “சின்னதாக ஒரு இடம் வாங்கிப் போடலாமா?” என்று என்னிடம் வாயைத் திறந்துவிட்டால் எளிதில் விடமாட்டேன், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வானொலி நிலையத்தார் தெரிந்தோ தெரியாமலோ 15 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் முறையாக இடம் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் செய்வது என்ன? விளம்பரம் பார்ப்பது. “பஸ் ஸ்டாண்டிலிருந்து 5 நிமிடம்.” எந்த வண்டியில், எத்தனை மணிக்கு என்று போட மாட்டார்கள். பஞ்சப்பூருக்குப் பேருந்து முனையம் வரப்போகிறது என்ற பேச்சு வந்ததுமே மதுரை ரோட்டில் முளைத்த பலகைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முனையம் 2025இல்தான் திறந்தது. அதற்குப் பல வருடம் முன்பே “அருகில்”, “மிக அருகில்” என்று விற்றார்கள். அதில் பாதி இடத்துக்கு நடந்து போனால் செருப்பு தேய்ந்துவிடும்.

விளம்பரம் இருக்கட்டும். நான் சொல்வது இதுதான்: உங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் அரை மணி நேரத்தில் போய்ச் சேரும் தூரத்துக்குள் மட்டும் தேடுங்கள். முதல் ஒரு வருடம் வாங்கவே வேண்டாம். சும்மா போய்ப் பாருங்கள். மழைக்காலத்தில் ஒரு தடவை, வெயிலில் ஒரு தடவை, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை. லாலாபேட்டைக்காரர் செங்கல்பட்டில் மனை வாங்கினால், யாராவது கல்லைப் பிடுங்கிப் போட்டால்கூட ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.

சரி, போய் யாரைப் பார்ப்பது? இதில்தான் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு கிரயப் பத்திரம் இருக்கும் இல்லையா? அதை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். சொத்து விவரம் என்று இருக்கும். அதில் நான்கு எல்லை எழுதியிருப்பார்கள். சில ஊரில் மால் என்பார்கள், கொங்குப் பக்கம் செக்குபந்தி என்பார்கள். “முருகன் மனைக்கு மேற்கு, கிழமேல் பாதைக்கு வடக்கு, இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு, இதன் மத்தியில் கிழமேல் 30 அடி, தென்வடல் 40 அடி, ஆக 1,200 சதுர அடி” என்று ஒரு ராகமாகவே போகும்.

இதில் ஒரு சின்ன சிக்கல். “முருகன் மனைக்கு மேற்கு” என்றால் முருகன் மனை மேற்கே இருக்கிறது என்று அர்த்தமில்லை. முருகன் மனைக்கு மேற்கே நம் மனை இருக்கிறது. அதாவது முருகன் நமக்குக் கிழக்கே. படித்தவர்களே இதில் தடுமாறுவார்கள். என் மைத்துனர் ஒருவர் இதைத் திருப்பிப் படித்துவிட்டு, அடுத்தவன் மனையில் நின்று பூமி பூஜைக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். அந்த அடுத்தவர் நல்லவர், பிரசாதம் கேட்டார்.

நீங்கள் வாங்க நினைக்கிற மனைக்கும் இப்படி நான்கு எல்லை இருக்கும். அந்த எல்லைக்காரர்களை, அதாவது சுற்றியுள்ள நிலக்காரர்களைத்தான் நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ‘நெட்வொர்க்கிங்’ என்கிறார்களே, ஓட்டலில் கோட்டு போட்டுக்கொண்டு விசிட்டிங் கார்டு கொடுத்துக்கொள்வது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தத் தொழிலில் உங்கள் முதல் வட்டம் அந்த நாலு பேர். ஏன் என்று சொல்கிறேன். இது என் சொந்தக் கதை.

1995. நான் முதல் மனை வாங்கினேன். வயலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, 1,200 சதுர அடி, 18,000 ரூபாய். சொசைட்டி கடன் பாதி, மனைவியின் வளையல் பாதி. விற்றவர் ஒரு பிளான் கொடுத்தார். மஞ்சள் கலரில் மனைகள், பச்சையில் பூங்கா, சிவப்பில் 20 அடி ரோடு. பார்க்கவே அழகாக இருக்கும். வில்லங்கம், அதாவது அந்த இடத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல், போட்டுப் பார்த்தேன், சுத்தம். பட்டா விற்கிறவர் பேரில்தான் இருந்தது, சுத்தம். பத்திரம் எழுதினோம், இனிப்பு கொடுத்தோம். கிழக்கே ஒரு பெரியவரின் வாழைத் தோப்பு. அவர் தோப்பில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எதற்குப் பேச வேண்டும், நாம்தான் பத்திரம் போட்டாயிற்றே!

2003இல் வீடு கட்டலாம் என்று மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போனேன். ரோட்டின் நடுவே கல்லுக்கால் நட்டு, முள்கம்பி. லாரி போக முடியாது, சைக்கிளைத் தூக்கித்தான் போட வேண்டும். என்னவென்று விசாரித்தால், மனை போட்டவர் காலமாகிவிட்டார். அந்த ரோடு இருக்கிறதே, அந்தச் சிவப்புக் கலர், அதை அவர் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுக்கவே இல்லை. பட்டாவில் அது அவர் பேரிலேயே இருந்தது. வாரிசுகள் பாகம் பிரித்தபோது ஒருவருக்குப் போயிற்று. அவர் கம்பி போட்டுவிட்டார்.

அப்போதுதான் அந்தத் தோப்புக்காரர் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்: “பாதையை எழுதிக் கொடுக்கலையே தம்பி. வாங்கும்போது ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

எட்டு வருடமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. சொல்லவும் தயாராக இருந்திருக்கிறார். கேட்க ஆளில்லை!

பிளானில் பாதையென்று காட்டி மனை விற்றுவிட்டு அப்புறம் அதை மறிப்பது செல்லாது என்று வக்கீல் சொன்னார். சரிதான். ஆனால் வழக்கு முடிகிற வரைக்கும் வீடு கட்ட மணல் எப்படிப் போகும்? கடைசியில் மனைக்காரர்கள் 14 பேர் சேர்ந்து, ஆளுக்கு 7,500 ரூபாய் போட்டு, அந்தப் பாதையை விலைக்கு வாங்கி, பஞ்சாயத்துக்குத் தானமாக எழுதிக் கொடுத்தோம். ஏற்கெனவே காசு கொடுத்த ரோட்டுக்கு இரண்டாவது தடவை காசு.

ஆனால் பாருங்கள், அந்த 14 பேரும் அன்றுவரை ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. வக்கீல் வீட்டுத் திண்ணையில்தான் அறிமுகம். ஒருவர் மின்வாரியத்தில் லைன்மேன், ஒருவர் உறையூரில் நெசவு, ஒரு டீச்சர் அம்மா, ஒருவர் போர்வெல் வண்டி வைத்திருப்பவர். எனக்கு அப்புறம் கிடைத்த நாலு மனையும் இவர்கள் சொல்லிக் கிடைத்ததுதான். கோர்ட்டுக்கு அலைந்ததில் கிடைத்த லாபம் அது ஒன்று.

பத்திரத்தில் இல்லாதது எவ்வளவு இருக்கிறது தெரியுமா? வில்லங்கச் சான்றிதழ் இப்போது பதிவுத்துறை இணையதளத்திலேயே காசில்லாமல் பார்க்கலாம், பட்டாவும் அப்படியே. கட்டாயம் பாருங்கள். ஆனால் வில்லங்கத்தில் பதிவான ஆவணம் மட்டும்தான் வரும். விற்கிறவருக்குக் கரூரில் கட்டிக்கொடுத்த தங்கை ஒருத்தி இருக்கிறாள் என்று வில்லங்கத்தில் வராது. 2005 இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. அந்தத் தங்கை கையெழுத்துப் போடாவிட்டால் பிற்பாடு வந்து நிற்பாள், நியாயமாகவே நிற்பாள். பவர், அதாவது தனக்குப் பதிலாக விற்க உரிமையாளர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம், வைத்து விற்கிறார்கள் என்று வையுங்கள். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் போயிற்று. அவர் உயிரோடு இருக்கிறாரா? கம்ப்யூட்டர் சொல்லாது. பக்கத்து வயல்காரர் சொல்வார்: “அவரா? போன ஆடியிலேயே போயிட்டாரே.”

தண்ணீரும் அப்படித்தான். 2005 வெள்ளத்தில் கோரையாறு உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது கருமண்டபம் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். சென்னையில் 2015இல் முடிச்சூர், வரதராஜபுரம் பட்ட பாட்டை டிவியில் பார்த்தோம். பங்குனி மாதம் போய்ப் பார்த்தால் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும். எல்லைக்காரர் வீட்டுச் சுவரைக் காட்டி, “இதுவரைக்கும் வந்துச்சு” என்று முழங்கால் உயரத்தில் கையை வைப்பார். அந்த ஒரு கை எந்த வரைபடத்திலும் கிடையாது.

எப்படிப் பேச்சு ஆரம்பிப்பது என்று கூச்சப்படுவார்கள். “இடம் வாங்கலாமென்று இருக்கிறேன், நாளைக்குப் பக்கத்தில் நாம்தான் இருக்கப் போகிறோம், அதான் பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தேன்” என்று சொல்லுங்கள், போதும். மோர் வரும். விலை மட்டும் கேட்காதீர்கள். விலை கேட்டால் அவரும் விற்கிறவர் ஆகிவிடுவார்.

எல்லைக்காரர்களுக்கு அப்புறம் இன்னும் சிலர். போர்வெல் போடுகிறவரைச் சொன்னேன் இல்லையா? அவருக்கு ஒவ்வொரு தெருவிலும் எத்தனை அடியில் பாறை, எத்தனை அடியில் தண்ணீர், எங்கே உப்பு எல்லாம் மனப்பாடம். கொத்தனார் மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்துவிட்டு அஸ்திவாரச் செலவைச் சொல்லிவிடுவார். களிமண் என்றால் வீடு எழும்புவதற்கு முன்பே பூமிக்குள்ளேயே ஒரு வீட்டுக் காசு போய்விடும். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவர் ஒருவரைப் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வில்லங்கத்தைக் கொடுத்தால் நாம் அரை நாள் பார்ப்பதை அவர் டீ ஆறுவதற்குள் பார்த்துவிடுவார். உழைப்புக்கு உரிய காசை மட்டும் கொடுத்துவிடுங்கள், ஓசியில் கேட்காதீர்கள்.

புரோக்கர்களை நான் திட்ட மாட்டேன். நல்லவர்கள் உண்டு. ஒரே மனைக்கு ஐந்து பேர் சங்கிலியாக இருப்பார்கள், அதுதான் பிரச்சினை. ஒவ்வொருவரும் மேலே கொஞ்சம் வைப்பார்கள். “உரிமையாளரோடு நேரில் உட்கார வையுங்கள், உங்கள் கமிஷன் எங்கும் போகாது” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், சொன்னபடி கொடுத்தும் விடுங்கள். கமிஷனை ஏமாற்றியவனுக்கு அடுத்த மனை பற்றி யாரும் போன் பண்ண மாட்டார்கள்.

அங்கீகாரம் பற்றி ஒன்று. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. எங்கள் வயலூர் ரோட்டு மனையும் அதில் மாட்டியது. அடுத்த வருடம், அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்த பிறகு கட்டணம் கட்டிச் சரிசெய்தோம். இப்போது வாங்குகிறவர்கள் நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபியின் அங்கீகார எண்ணையும், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் பதிவு எண்ணையும் கேட்டு, அதோடு நிறுத்தாமல் ரோடும் பூங்காவும் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று அந்தத் தானப் பத்திரத்தின் நகலையே கேட்டு வாங்குங்கள். என் முள்கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டாக வாங்குவது பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து அரை ஏக்கர் வாங்குவது நல்லதுதான். ஆனால் ஒருவர் வீட்டில் கல்யாணம் வந்தால் அவர் பங்கை யார், என்ன விலைக்கு எடுப்பது என்பதை வாங்குகிற அன்றைக்கே எழுதிக்கொள்ளுங்கள். என் சிநேகிதர் ஒருவரோடு இரண்டு வருடம் பேச்சில்லாமல் இருந்தேன், அதை விடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிகழ்ச்சி நடத்தும் அம்மா இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் பாக்கி. காசு விஷயம் இன்னும் தொடவே இல்லை. வேகமாகச் சொல்கிறேன். மனை விலையோடு பத்திரச் செலவைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 10 லட்ச ரூபாய் மனைக்கு 90,000. 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு, 2025 ஏப்ரல் முதல். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ விற்கிறவர் ரொக்கமாக வாங்கக் கூடாது, வாங்கினால் அதே அளவு அபராதம் வரலாம். அட்வான்ஸையும் வங்கி வழியாகவே கொடுங்கள். வாங்கி 24 மாதத்துக்குள் விற்றால் லாபத்துக்கு வரி வேறு மாதிரி, ஆடிட்டரைக் கேளுங்கள். வீடு கட்டி வாடகைக்கு விடுவது, அது தனிக் கதை, இன்றைக்கு முடியாது.

ஒரு விரல்தான் தெரிகிறது இப்போது. இந்த ஞாயிற்றுக்கிழமை மனை பார்க்கப் போகிறவர்கள் கையோடு டேப் எடுத்துக்கொண்டு போங்கள். தச்சர் வைத்திருக்கும் சின்ன டேப் வேண்டாம், 100 அடி டேப். ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும், எல்லைக்காரரையே கூப்பிடுங்கள். வணக்கம்.