ஒரே தொண்டையில் அணிலும் உளவாளியும்

வணக்கம். முதலில் ஒரு காட்சியைப் போடுகிறேன். படத்தைப் பார்க்க வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் கொடுங்கள்.

கேட்டீர்களா? முதலில் பேசியது ராக்கி. தலையில் விமானியின் குல்லாயும் கண்ணாடியும் மாட்டிய பறக்கும் அணில். சிறுபையனின் துள்ளல் அந்தக் குரலில். அடுத்து, அடித்தொண்டையிலிருந்து வார்த்தைகளை இழுத்து இழுத்துப் பேசியவள் நட்டாஷா, வெளிநாட்டு உளவாளி. இரண்டு பேருக்கும் குரல் கொடுத்தது ஒரே பெண்தான். ஜூன் ஃபோரே.

ராக்கியும் அவன் நண்பன் புல்விங்கிளும் வரும் அந்தக் கார்ட்டூன் தொடர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1959 நவம்பரில் தொடங்கி 1964 வரை ஓடியது. தொடங்கும்போது ஜூனுக்கு 42 வயது. 12 வயதிலேயே வானொலி நாடகத்தில் பேச ஆரம்பித்தவர், அதனால் முகமே இல்லாமல் ஒரு ஆளை உருவாக்குவது அவருக்குக் கைவந்த கலை. நானும் டப்பிங் பேசுகிறவள் என்பதால் சொல்கிறேன்: குரலை உச்சியில் ஏற்றுவது பெரிய வேலை இல்லை. ஏற்றிய இடத்திலிருந்து ஒரே மூச்சில் கீழே இறங்கி, வேறொரு ஆளாகச் சிந்திக்க வேண்டும். அதுதான் கஷ்டம். ராக்கி வாக்கியத்தின் கடைசியில் குதிப்பான், நட்டாஷா அங்கேதான் சாய்வாள். இன்னொரு தடவை போட்டுக் கேளுங்கள், பிடிபடும்.

அப்புறம் அந்தப் பொம்மை. 1960-களில் 'சாட்டி கேத்தி' என்று ஒரு பேசும் பொம்மை விற்றது. முதுகுப் பக்கத்து வளையத்தைப் பிடித்து இழுத்து விட்டால், உள்ளே இருக்கும் குட்டி இசைத்தட்டு சுழன்று 'ஐ லவ் யூ' என்று கொஞ்சும். அதுவும் ஜூனின் குரல்தான். 1963-இல் 'ட்விலைட் ஸோன்' என்ற மர்மத் தொடரில் ஒரு பேசும் பொம்மை வீட்டுக்காரரிடம் 'உன்னைக் கொல்லப் போகிறேன்' என்று சொல்கிறதே, அதற்கும் இவர்தான். கோபமே காட்டாமல், கொஞ்சுகிற அதே தொனியில் சொல்வார். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இவ்வளவு செய்தவரின் பெயர் பல நேரம் டைட்டில் கார்டில் வரவே இல்லை. ட்வீட்டி என்ற கார்ட்டூன் குருவியை வளர்க்கும் பாட்டிக்கு 1955-லிருந்து பேசினார். ஆனால் அந்தக் கார்ட்டூன்களில் முக்கியக் குரல் கலைஞரான மெல் பிளாங்கின் ஒப்பந்தத்தால் மெல்லின் பெயர்தான் போடுவார்கள், கூடப் பேசியவர்களுக்குப் பெரும்பாலும் இடமில்லை. கிறிஸ்துமஸையே திருட வரும் கிரிஞ்ச் பற்றி 1966-இல் வந்த கார்ட்டூன் படத்திலும் அதே கதை. மரத்தை ஏன் எடுத்துப் போகிறாய் என்று தூக்கக் கலக்கத்தில் கேட்கும் இரண்டு வயதுக் குழந்தை, சிண்டி லூ. அந்தக் குரல் 49 வயது ஜூனுடையது. குரல் என்று திரையில் வந்த பெயர் கிரிஞ்சுக்குப் பேசிய போரிஸ் கார்லாஃபுடையது மட்டும்.

எனக்கு அவர்மேல் இருக்கும் மரியாதை அதற்குப் பிறகு அவர் செய்ததால். அனிமேஷன்காரர்களைக் கௌரவிக்க யாரும் வரவில்லையா, சரி, நாமே செய்வோம் என்று 1972-இல் ஆன்னி விருதுகளைத் தொடங்கினார். முதல் விருது தனக்கோ தன் நண்பருக்கோ போகவில்லை. பாப்பாய் கார்ட்டூன்களை எடுத்த பழைய தலைமுறையின் ஃப்ளைஷர் சகோதரர்களுக்குப் போனது. அனிமேஷன் முழுநீளப் படத்துக்குத் தனி ஆஸ்கர் வேண்டும் என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். 2001-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து அது வந்துவிட்டது.

அவருக்கென்று தொலைக்காட்சிக்கான எம்மி விருது வந்தது 2012-இல், கார்ஃபீல்டு என்ற பூனையின் கார்ட்டூன் தொடரில் பேசியதற்காக. அப்போது வயது 94. பழைய வேலைக்கு மரியாதையாகக் கொடுத்த வாழ்நாள் விருது இல்லை அது. மைக் முன்னால் நின்று அப்போது பேசிய பாத்திரத்துக்குப் போட்டியில் ஜெயித்தது.

2017 ஜூலையில், 100 ஆக இரண்டு மாதம் இருக்கும்போது போய்விட்டார். அந்தக் காட்சியை மறுபடியும் ஓட விடுகிறேன். இந்த முறை கண்ணைத் திறந்து பாருங்கள், கீழே அவர் பெயரை நான் போட்டிருக்கிறேன்.