தெளிவைத் தருவது வயதா, அன்றாடப் பழக்கமா? பழக்கமே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி, "பட்டால்தான் தெரியும், வயது ஏற ஏற விவேகம் தானாக வந்துவிடும்" என்றார். தன் பாட்டியைப் பற்றியும் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாதவராம், ஆனால் அக்கம்பக்கத்துச் சண்டையெல்லாம் அவரிடம் வந்துதான் தீருமாம். சொல்லும்போது தோழியின் குரல் தழுதழுத்தது. அந்தப் பாட்டிக்கு என் வணக்கம். அவரிடம் கடைசியில் வருகிறேன்.

பட்டவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதா? ஒரே ஆளுக்கு மூன்று முறை கடன் கொடுத்து மூன்று முறையும் ஏமாந்தவரை நாம் பார்த்திருக்கிறோம். முப்பது வருடம் குடும்பம் நடத்தியும், மனைவிக்கு எதனால் மனம் நோகிறது என்று இன்னும் புரியாதவரையும் பார்த்திருக்கிறோம். அவர்களும் பட்டவர்கள்தானே? அடி எல்லோருக்கும் விழுகிறது. விழுந்த இடத்தைத் திரும்பிப் போய்ப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள், நடுவர் அவர்களே. பெர்லினில் இருக்கும் மேக்ஸ் பிளாங்க் மனித வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தில் பால் பால்டஸ் என்ற உளவியலாளரின் குழு, 1980களிலிருந்து விவேகத்தை ஆராய்ந்தது. அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று: "பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி உடனே கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்கிறாள். என்னென்ன யோசிக்க வேண்டும்?" "கூடவே கூடாது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்று முடித்தவர்களுக்குக் குறைந்த மதிப்பெண். "பொதுவாகத் தவறுதான். ஆனால் அவளுக்கு என்ன நேர்ந்தது? தீராத நோயா? பெற்றோரை இழந்து நிற்கிறாளா? எந்தக் காலத்தில், எந்தச் சமூகத்தில் வாழ்கிறாள்?" என்று கேட்டவர்களுக்கு அதிக மதிப்பெண். கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னதற்காக அல்ல. தீர்ப்புச் சொல்லும் முன்னால் விசாரித்தார்களே, அதற்காக.

சரி, வயதானவர்கள் அதிகம் வாங்கினார்களா? பதின்பருவத்திலும் இருபதுகளின் தொடக்கத்திலும் மதிப்பெண் சட்டென்று ஏறுகிறது. அதற்கப்புறம் 75 வயதுவரை பார்த்தாலும், வயது கூடிய ஒரே காரணத்துக்காக அது ஏறவில்லை. ஐம்பதில் வந்துவிடும் என்று காத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா என்று எதிரணி கேட்கும். உண்டு. அனுபவம் மூலப்பொருள். அதை வைத்து என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. மருத்துவர்களின் அனுபவ ஆண்டுகளையும் மருத்துவத்தின் தரத்தையும் ஒப்பிட்ட 62 ஆய்வுகளை 2005இல் தொகுத்துப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்ட ஆய்வுகளில், ஆண்டு கூடக் கூட, அளந்த எல்லா வகையிலும் தரம் இறங்கியிருந்தது. உயிர் காக்கும் தொழிலில் இருப்பவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அன்று கற்றது இன்றும் சரிதானா என்று பார்த்துக்கொண்டே இருக்காவிட்டால், எவ்வளவு நல்ல மனிதருக்கும் இது நேரும். வானிலை சொல்பவரைப் பாருங்கள். "நாளை மழைக்கு எழுபது சதவீத வாய்ப்பு" என்கிறார். மறுநாள் வானமே அவருடைய விடைத்தாளைத் திருத்திவிடுகிறது. தினமும் இப்படித் திருத்தப்படுவதால்தான், அவர் எழுபது என்று சொன்ன நாட்களில் ஏறக்குறைய எழுபது சதவீதம் மழை பெய்கிறது.

நம் வாழ்க்கையை யார் திருத்துவது? நாம் பேசிய சுடுசொல்லுக்கு மறுநாள் மதிப்பெண் வருவதில்லை. கேட்டவர் பேசாமல் இருந்துவிடுகிறார். நாமும் சரியாகத்தான் பேசினோம் என்று நம்பிவிடுகிறோம். அதனால்தான் நம்மை நாமே திருத்திக்கொள்ள ஒரு பழக்கம் வேண்டியிருக்கிறது.

என் வாழ்க்கையிலிருந்தே ஒன்று சொல்கிறேன். ஆறு வருடமாகத் தூங்கப்போகும் முன்னால் ஒரு நோட்டில் நாலு வரி எழுதுகிறேன். ஒருநாள் அலுவலகத்தில், என்னிடம் வேலை செய்யும் தம்பி ஒருவர் அறிக்கையில் தப்பான தொகையைப் போட்டுவிட்டார் என்று நாலு பேர் முன்னால் கத்திவிட்டேன். "அண்ணா, நீங்க அனுப்பினதைத்தான்..." என்று ஆரம்பித்தார். முடிக்க விடவில்லை. அன்று ராத்திரி நோட்டைத் திறந்து "அவன் சரிபார்க்கவில்லை" என்று எழுதினேன். அதற்கு முன்னால் நடந்ததையும் வரிசையாக எழுதுவது என் வழக்கம். "மூன்று மணிக்கு நான் கோப்பை அனுப்பினேன்" என்று எழுதியபோது பேனா நின்றுவிட்டது. எந்தக் கோப்பை அனுப்பினேன்? எழுந்துபோய்ப் பார்த்தேன். திருத்துவதற்கு முன்னால் இருந்த பழைய கோப்பு. தப்பு என்னுடையது.

மறுநாள் காலையில் அதே நாலு பேர் முன்னால் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த நாலு வரி எழுதாமல் படுத்திருந்தால், அந்தத் தம்பி கவனக்குறைவானவர் என்பதையே என் "அனுபவமாக" இன்றுவரை சுமந்துகொண்டிருப்பேன். திரும்பிப் பார்க்காத அனுபவம் சும்மா இருப்பதில்லை, நடுவர் அவர்களே, அது தப்பான பாடத்தைக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. அந்த நோட்டை மொத்தமாகப் புரட்டிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. என் தவறுகளில் பெரும்பாலானவை நான் களைத்துப்போயிருக்கும் மாலை நேரத்தில் நடந்தவை. இப்போதெல்லாம் மனம் கசக்கும் கடிதம் எதற்கும் இருட்டிய பிறகு நான் பதில் எழுதுவதில்லை.

இது புதுசு இல்லை. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்னால் ரோமில் வாழ்ந்த தத்துவஞானி செனெகா, விளக்கை எடுத்துப்போன பிறகு, பழக்கம் தெரிந்த மனைவி பேசாமல் இருக்க, அன்றைய நாள் முழுவதையும் விசாரித்ததாக எழுதியிருக்கிறார். தன்னிடமிருந்து எதையும் மறைப்பதில்லையாம். "இனி இப்படிச் செய்யாதே, இந்தத் தடவை மன்னித்துவிட்டேன்" என்று தனக்கே சொல்லிக்கொள்வாராம். அந்த மன்னிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். தன்னைத் திட்டிக்கொண்டே இருப்பவர் ஒருநாள் விசாரிப்பதையே விட்டுவிடுவார். டார்வின் தன் கருத்துக்கு எதிரான செய்தி எது கண்ணில் பட்டாலும் உடனே குறித்து வைத்துக்கொள்வார். சாதகமானவை நினைவில் நிற்கும், பாதகமானவை நழுவிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"அயலார் குற்றத்தைப் பார்ப்பதுபோல் தன் குற்றத்தைப் பார்த்தால் தீங்கு ஏது?" என்று வள்ளுவர் கேட்டாரே, அதையே 2014இல் இகோர் கிராஸ்மன், ஈதன் கிராஸ் என்ற இரு உளவியலாளர்கள் சோதித்தார்கள். துணை துரோகம் செய்துவிட்டதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். நண்பருக்கு நடந்ததாக நினைத்தவர்கள் நிதானமாக யோசித்தார்கள், தனக்கே நடந்ததாக நினைத்தவர்கள் தடுமாறினார்கள். அறுபதைத் தாண்டியவர்களும் இளைஞர்களைப் போலவே தடுமாறினார்கள் என்பதை எதிரணி கவனிக்க வேண்டும். ஆனால் தன் சிக்கலை வேறு யாருக்கோ நடந்ததுபோல் தள்ளி நின்று பார்க்கச் சொன்னதும் அந்தத் தடுமாற்றம் போய்விட்டது. "நான் கத்தினேன்" என்பதை "அவர் கத்தினார்" என்று எழுதிப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.

மணி அடித்துவிட்டது. பாட்டியிடம் வருகிறேன் என்று சொன்னேன். "பாட்டி எந்த நோட்டில் எழுதினார்?" என்று தோழி கேட்கலாம். எழுதவில்லைதான். ஆனால் தோழி இன்னொன்றும் சொன்னார், அவையோர் கவனித்திருப்பீர்கள். யார் சண்டையோடு வந்தாலும் பாட்டி அன்றே தீர்ப்புச் சொல்ல மாட்டாராம். "போய்த் தூங்கு, காலையில பேசலாம்" என்று அனுப்பிவிடுவாராம். மறுநாள் எதிராளியையும் கூப்பிட்டு அவர் பக்கத்தையும் கேட்பாராம். ஒருமுறை தான் சொன்ன தீர்ப்பு தப்பு என்று தெரிந்ததும், அந்த வீட்டுக்கே நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்தாராம்.

பாட்டியின் வயதில் அங்கே இன்னும் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். சண்டை போட்டவர்கள் எல்லோரும் ஏன் அவர் வாசலைத் தேடி வந்தார்கள், நடுவர் அவர்களே?