பட்டத்து இளவரசனிடம் சில்லறை இல்லை

நேயர்களுக்கு வணக்கம். பதினேழு வயதுப் பையன்கள் இரண்டு பேர். ஒருவன் அரியணைக்கு வாரிசு, இன்னொருவன் மாலையில் சூப்பர் மார்க்கெட்டில் அலமாரி அடுக்கப் போகிறவன். இருவருக்கும் இடையே காதல். படிக்கிற பிள்ளைகள் சிரித்துக்கொண்டே படிக்க வேண்டும். இப்படி ஓர் இளையோர் நாவல் எழுத ஆசைப்படுகிறவர்களுக்காகத்தான் இன்றைய பேச்சு.

இந்த வகைக் கதை கெட்டுப்போகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான், காதலுக்கு வைக்கிற தடை. உறுமுகிற அரசர், சாபமிடுகிற பாட்டி, நாடு கடத்தல் என்று ஆரம்பித்தால் மூன்றாம் அத்தியாயத்திலேயே சிரிப்பு போய்விடும். தடை கட்டாயம் வேண்டும். ஆனால் அது வெறுப்பிலிருந்து வர வேண்டியதில்லை. அரண்மனை நெறிமுறையும் நாட்காட்டியும் சட்டப்புத்தகமும் போதும், இரண்டு பையன்களைப் பாடாய்ப் படுத்திவிடலாம்.

அதற்கு நாட்டைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். குஜராத்தின் ராஜ்பிப்லா அரச குடும்பத்து மான்வேந்திர சிங் கோகில், தன்பால் ஈர்ப்புடையவர் என்று 2006இல் வெளிப்படையாகச் சொன்னபோது ஊரில் அவருடைய உருவபொம்மையை எரித்தார்கள். அந்தக் களத்துக்கு வேறு தொனி வேண்டும். இலகுவான கதைக்கு நான் சொல்வது நெதர்லாந்து. தன்பாலினத் திருமணத்தை உலகிலேயே முதலில், 2001 ஏப்ரல் 1 அன்று, சட்டமாக்கிய நாடு. இன்னொரு வசதியும் உண்டு. இப்போதைய அரசர் வில்லம் அலெக்சாண்டருக்கு மூன்றும் பெண்கள். ஆகவே பட்டத்து இளவரசன் என்று எழுதினாலே அது முழுக் கற்பனை என்று தெரிந்துவிடும். நிஜக் குடும்பத்துப் பிள்ளைகளைக் காதல் கதைக்குள் இழுத்துவிட்ட பாவம் நமக்கு வேண்டாம்.

இனி அந்த நாட்டுச் சட்டம். இதில்தான் நகைச்சுவை மண்டிக் கிடக்கிறது. அங்கே வாரிசின் திருமணத்துக்கு அரசர் சம்மதித்தால் மட்டும் போதாது, நாடாளுமன்றம் சட்டமே இயற்றி ஒப்புதல் தர வேண்டும். இப்போதைய அரசரின் தம்பி ஃபிரிசோ 2004இல் அந்த ஒப்புதல் இல்லாமலே மணம் முடித்தார், வாரிசு வரிசையிலிருந்து அவர் பெயர் போயிற்று. அடுத்தது 2021 அக்டோபர். அரச வாரிசு தன் பாலினத்தவரையே மணக்க விரும்பினால் அதற்காக அரியணையை விட வேண்டியதில்லை என்று அப்போதைய பிரதமர் மார்க் ருட்டே நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். சரி, அந்தத் தம்பதிக்கு வரும் குழந்தைக்கு அரியணை உரிமை உண்டா? அதை அப்படி ஒரு நிலை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

இதை நம் கதைக்குள் கொண்டுவந்து பாருங்கள். பையன் கேட்டதெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் நண்பனோடு ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல் தின்ன அனுமதி. அரண்மனைச் செயலாளரோ, இன்னும் பிறக்காத, பிறக்கப்போவதாக யாருமே சொல்லாத பேரக்குழந்தையின் வாரிசுரிமை பற்றி மூன்று சட்டப் பேராசிரியர்களிடம் கருத்துக் கேட்டு வைத்திருக்கிறார். இங்கே வில்லன் என்று யாருமே இல்லை, எல்லோரும் நல்லவர்கள். ஆனாலும் வறுவல் ஆறிப்போகிறது.

சந்திப்பை எங்கே வைப்பது? ஏப்ரல் 27, அரசர் நாள். ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் முதல் நாளே கொண்டாடிவிடுவார்கள். ஊரெல்லாம் ஆரஞ்சு நிறம். பிள்ளைகள் தெருவில் போர்வை விரித்து, பழைய பொம்மையையும் புத்தகத்தையும் விற்பார்கள். அரச குடும்பம் ஆண்டுக்கு ஓர் ஊராகத் தேர்ந்தெடுத்து நடந்து வரும். நம் இளவரசன் ஒரு பழைய பொம்மை ரயிலைக் கையில் எடுக்கிறான், விலை இரண்டு யூரோ. சட்டைப்பையில் காசில்லை. பொம்மை விற்கிற அலமாரிப் பையனுக்கு எதிரில் நிற்பது யார் என்று நன்றாகவே தெரியும், ஆனாலும் கடன் தர மாட்டேன் என்கிறான். இந்தச் சந்திப்பு இரண்டாம் அத்தியாயத்துக்குள் வந்துவிட வேண்டும். ஆங்கிலத்தில் இளையோர் நாவல் பெரும்பாலும் ஐம்பதாயிரம் முதல் எண்பதாயிரம் சொல்வரை போகும். அந்த அளவைக் கணக்கில் வைத்து எட்டாம் அத்தியாயம்வரை அரண்மனைத் தோட்டத்தை வர்ணித்துக்கொண்டிருந்தால் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

காசில்லாததற்குக் காரணமும் உண்மையானதே. வாரிசுக்கு அரசுப் படி பதினெட்டு வயதில்தான் தொடங்கும். அதே வயதில்தான் அரசு ஆலோசனைக் குழுவில் இருக்கையும் கிடைக்கும். ஆக, அவனுடைய பதினெட்டாவது பிறந்தநாள்தான் கதையின் கெடு. அதுவரை பள்ளிப் பையன், மறுநாள் முதல் பதவி. பிறந்தநாளை அக்டோபரில் வைத்தால் ஏப்ரலிலிருந்து ஆறு மாதம் கிடைக்கும். நடுவில் மே மாதம் பொதுத்தேர்வு, ஜூனில் முடிவு. தேர்ச்சி பெற்ற பிள்ளையின் வீட்டில் கொடியேற்றி, கொடிக்கம்பத்தில் புத்தகப்பையையும் தொங்கவிடுவது அந்த ஊர் வழக்கம். அரண்மனைக் கொடிக்கம்பத்தில் பையைத் தொங்கவிடலாமா கூடாதா என்று மட்டும் ஓர் அத்தியாயம் எழுதலாம். நான் எழுதச் சொல்வேன்.

ரகசியம் எப்படி வெளியே வரும்? பத்திரிகைக்காரர் மரத்தில் ஏறிப் படமெடுத்தார் என்று எழுதினால் டச்சு வாசகர் நம்ப மாட்டார். 2005 முதல் அங்கே ஓர் ஏற்பாடு நடப்பில் இருக்கிறது. குறித்த நாட்களில் அரச குடும்பம் படமெடுக்க நின்றுகொடுக்கும், மற்ற நேரத்தில் தனி வாழ்க்கையைப் பத்திரிகைகள் தொடாது. ஆகவே கசிவு வகுப்புத் தோழனின் கைபேசியிலிருந்துதான் வர வேண்டும். அதுவும் பிறந்தநாள் வாழ்த்துக் காணொளியில், பின்னால் இரண்டு பேர் கைகோத்து நிற்பது தெரியாமல் விழுந்துவிட்டதாக இருக்கட்டும். கெட்ட எண்ணம் இல்லாமலே காரியம் கெட வேண்டும், இந்த நாவலின் தர்மம் அதுதான்.

தவிர்க்க வேண்டிய தகவல் பிழைகள் சில. டச்சு அரசருக்கு முடிசூட்டு விழா கிடையாது. பதவியேற்பின்போது கிரீடம் மேசைமேல் இருக்கும், தலைக்கு ஏறாது. செப்டம்பர் மூன்றாம் செவ்வாயன்று அரசர் நாடாளுமன்ற உரை வாசிக்கப் போவது இப்போது கண்ணாடி வண்டியில். 2015க்குப் பிறகு தங்க வண்டி அந்த ஊர்வலத்தில் வரவில்லை. பதினேழு வயதுப் பையனை எந்த வண்டியிலும் ஏற்றாதீர்கள். அரசரின் மூத்த மகளும் நிஜ வாரிசுமான அமாலியா இளவரசியே பதினெட்டு நிரம்பிய பிறகு, 2022இல்தான் முதன்முறையாக அந்தச் சடங்கில் கலந்துகொண்டார். ஊர்வல நாளில் நம்மவன் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கட்டும், பக்கத்தில் அலமாரிக்காரனும் இருக்கட்டும்.

அந்த அலமாரிக்காரனைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஏழைப் பையன், அழகான பையன், அரண்மனையைக் கண்டு வாய்பிளக்கிற பையன் என்று விட்டுவிட்டால் இளவரசன் ஒருவனே கதையைத் தூக்கிக்கொண்டு நடப்பான். இவனுக்கும் வேலையின் ஷிப்ட் இருக்க வேண்டும், தேறாத கணக்குப் பாடம் இருக்க வேண்டும், அரச குடும்பமே வேண்டாம் என்கிற குடியரசுவாதி அத்தை ஒருத்தி இருந்தால் இன்னும் நல்லது. அத்தைக்கு மருமகன் காதலிப்பது பையன் என்பதில் துளிகூட வருத்தமில்லை, இளவரசன் என்பதில்தான் தீராத வருத்தம். இருவரும் மாறிமாறிக் கதை சொல்வதாக வைத்தால், பெயரை மறைத்துவிட்டு ஒரு பக்கத்தைப் படித்துப் பாருங்கள். யார் பேசுகிறார் என்று தெரியவில்லையென்றால் அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுத வேண்டும். இளவரசன் சுற்றி வளைத்துப் பேசப் பழக்கப்பட்டவன், மற்றவன் முதல் வாக்கியத்திலேயே விஷயத்துக்கு வருகிறவன். இருவரும் ஒரே வயதில் இருக்கட்டும். மெய்க்காவலர், ஆசிரியர் என்று பெரியவர் யாரையும் ஜோடியாக்க வேண்டாம், அது காதல் கதை ஆகாது. நெருக்கம் கைகோப்பதோடு நின்றாலும் இந்த வயதுக் கதைக்கு ஏராளம்.

கடைசியாக, பத்தாண்டு கழித்துக் கல்யாணம் என்று பின்னுரை சேர்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். விட்டுவிடுங்கள். அந்த ஒப்புதல் சட்டத்தை இரு அவைகளும் ஒன்றாகக் கூடி முடிவு செய்ய வேண்டும். கீழவையில் 150 பேர், மேலவையில் 75 பேர். 225 பேர் பேசி முடிக்கிற வரைக்கும் உங்கள் மாப்பிள்ளைகள் இருவரும் மாலையோடு நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான். நன்றி, வணக்கம்.