டேக் வந்த வழி

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழர்கள் வாழும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு நூலக ஆண்டு விழாவில் பேசியது)

தலைமை வகிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வந்ததிலிருந்து வாசலிலேயே நிற்கிற பஞ்சாயத்து உறுப்பினர் அம்மா அவர்களே (யாராவது ஒரு நாற்காலி போடுங்கப்பா), நூலகச் செயலாளர் அவர்களே, பொள்ளாச்சியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் புலவர் ஐயா அவர்களே, மைக் செட் தம்பி உட்பட எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாக ஈரிழைத் துண்டு போர்த்தினீர்கள். நல்ல காரியம், வேர்வை துடைக்க ஆகும். யாரையாவது விட்டிருந்தால் கோபிக்காமல் கையைத் தூக்குங்கள், சொல்லிவிடுகிறேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

டேக், கிவ், கெட் என்று மூன்று ஆங்கில வினைச்சொற்களைப் பற்றி நான் பேசுவதாக நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். சரி, டேக்கிலிருந்து தொடங்குவோம்.

முப்பது வருஷம் இந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அது ஆங்கிலத்துக்கு வீட்டுக்கு வந்த மருமகள் என்பது ரொம்ப நாள் எனக்கே தெரியாது. பழைய ஆங்கிலத்தில் எடுப்பதற்கு ‘நிமன்’ என்றுதான் பேர். ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் ‘நேமென்’ என்கிறார்கள். 9ஆம் நூற்றாண்டில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் இங்கிலாந்தின் கிழக்கிலும் வடக்கிலும் குடியேறினார்கள். அவர்கள் பேச்சில் எடுப்பது ‘டாக்கா’. வங்காளதேசத்து ஊர் இல்லை, இது வேறு. முதலில் சண்டை, அப்புறம் சம்பந்தம். பெண் கொடுத்துப் பெண் எடுத்துப் பழகியதில் சொல்லும் வீடு மாறியது. எக், ஸ்கை, விண்டோ எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். ‘அவர்கள்’ என்று சொல்லும் ‘தே’ கூட அங்கிருந்து வந்ததே.

நிமன் என்ன ஆனது? புழக்கம் குறைந்து குறைந்து போய்விட்டது. மிச்சம் இருப்பது அதன் வாரிசுகள். துருதுருவென்று இருப்பவனைச் சொல்லும் ‘நிம்பிள்’ ஒன்று, கைகால் மரத்துப்போவதைச் சொல்லும் ‘நம்ப்’ ஒன்று. அதன் கடைசி எழுத்தான பி, வாயில் வராது. பிற்காலத்தில் எழுத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டது. எதுவோ ஒன்று பிடித்து எடுத்துக்கொண்டதால் மரத்துப்போனவன், அவன்தான் நம்ப். இந்தச் சொல்லை ஞாபகத்தில் வையுங்கள்.

நம்முடைய ‘எடு’ மட்டும் லேசுப்பட்டதா? பசி எடுக்கிறது, பல்லாக்கு எடுக்கிறோம், பொள்ளாச்சிக்குப் போய்த் துணி எடுக்கிறோம். இதெல்லாம் நம் சொத்து. ஆனால் ‘மாத்திரை எடுத்துக்கொண்டாயா’ என்று இப்போது கேட்கிறார்களே, அதில் ஆங்கில வாடை அடிக்கிறது. என் அம்மா மாத்திரை ‘போட்டாள்’, கஷாயம் ‘குடித்தாள்’. ஒரு நாளும் ‘எடுத்ததில்லை’.

மாத்திரை என்றதும் என் பெரியப்பா ஞாபகம். உடுமலைப் பக்கத்துக்காரர், மலையாளம் ஒரு சொல் தெரியாது. நோம்பிக்கு எங்கள் வீட்டுக்கு வந்த இடத்தில் வயிற்றால் போய்விட்டது. பாலக்காட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நான் சீட்டு வாங்கப் போன நேரத்தில் நர்ஸ் மாத்திரைப் பொட்டலத்தைக் கொடுத்து, “மூணு நேரம் கழிக்கணும்” என்றாளாம். மலையாளத்தில் கழிப்பது என்றால் சாப்பிடுவது. பெரியப்பாவுக்கோ அடிவயிறு கலங்கிவிட்டது. “ஏனம்மிணி, ராத்திரியிலிருந்து எட்டுத் தடவ கழிஞ்சுட்டுத்தானே இங்க வந்திருக்கறேன். இன்னும் மூணு தடவையா?” என்றார். “எட்டெண்ணம் கழிச்சோ!” என்று அவள் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். எட்டு மாத்திரையை ஒரேயடியாக முழுங்கிவிட்டார் என்று பயம். டாக்டர் வந்து, “எப்போ கழிச்சு?” என்றார். “கடைசியாகவா? வர்ற வழியில, வாய்க்கால் ஓரமா” என்றார் பெரியப்பா. நான் போய்ச் சேர்ந்தபோது வயிற்றைக் கழுவக் குழாய் தயாராக இருந்தது!

சிரியுங்கள். ஆனால் அதே பெரியவர் கையில் ஒரு மலையாள விண்ணப்பத்தைக் கொடுத்து, நில வரிக்கு எழுதிக்கொண்டு வா என்றால்? நமக்குள்ளேயே மூன்று தலைமுறையாக அடுத்தவரிடம் நீட்டி எழுதி வாங்கும் ஆட்கள் இல்லையா? 1956 நவம்பர் 1 அன்று மாநிலம் பிரித்தபோது நம்முடைய இந்தச் சித்தூர் தாலூகா கேரளத்தில் நின்றது. அதில் எனக்கு வருத்தமில்லை, மலையாளிகள் நம் சம்பந்திகள். 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் என்ன சொல்கிறது? மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அரசு அறிவித்த இடங்களில் தமிழரும் கன்னடரும் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம். தலைமைச் செயலகத்துக்கும் எழுதலாம். கொடுத்திருக்கிறார்கள். எடுத்தோமா? நம்ப் என்றேனே, அது நாம்தான். தமிழில் மனு எழுதினால் வாங்க மாட்டார்கள் என்று நாமே முடிவுகட்டி வைத்திருக்கிறோம். எழுதிப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? மூன்று கை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று சொன்னேனே, நாம் தொட்டிலில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை.

கிவ், கெட் இரண்டும் பாக்கி இருக்கின்றன. செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், டீயும் வந்துவிட்டது. வாசல் மேசையில் ஒரு மனு வைத்திருக்கிறேன். நம் அலுவலகங்களில் தமிழ்ப் படிவம் வேண்டும் என்று நாலே வரி. பேனாவும் இருக்கிறது. கையெழுத்தைத் தமிழில் போடுங்கள். உறுப்பினர் அம்மா, முதல் கையெழுத்து உங்களுடையது.