60 நாள் கழித்தும் ஓடுகிற மென்பொருளுக்குப் பணம் கட்ட வேண்டுமா?

வணக்கம். நேயர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "வீட்டில் பொழுதுபோக்காகப் பாடிப் பதிவு செய்கிறேன். ரீப்பர் மென்பொருளின் 60 நாள் சோதனைக் காலம் முடிந்து எட்டு மாதமாகியும் அது தடையின்றி ஓடுகிறது. பாட்டினால் ஒரு ரூபாய்கூட வருமானமில்லாத நானும் உரிமம் வாங்கத்தான் வேண்டுமா?"

வாங்கத்தான் வேண்டும். சோதனைக் காலத்துக்குப் பிறகும் பயன்படுத்துபவர் உரிமம் வாங்க வேண்டும் என்பது அதன் விதி. பூட்டுப் போடவில்லை என்பதால் அது இலவசமாகிவிடாது. திறக்கும்போதெல்லாம், எத்தனை நாளாகச் சோதித்துப் பார்க்கிறீர்கள் என்று கணக்குச் சொல்லும் ஒரு சிறு சாளரம் வருகிறதல்லவா? சில நொடிகள் பொறுத்து, இன்னும் சோதிக்கிறேன் என்ற பொருளுள்ள பொத்தானை அழுத்திவிட்டு உள்ளே போய்விடலாம். டிராக்குகளை, அதாவது ஒவ்வொரு குரலையும் கருவியையும் தனியாகப் பதியும் அடுக்குகளைக் குறைப்பதில்லை, சேமிக்க விடாமல் தடுப்பதுமில்லை. ஆனால் எட்டு மாதமாகப் பாட்டுப் பதிவு செய்கிறவர் அந்தப் பொத்தானை அழுத்தும்போது சொல்வது உண்மையாகாது என்பதை நீங்களே அறிவீர்கள்.

விலையைப் பாருங்கள். பாட்டுக் கேட்கும் மென்பொருளான வின்ஆம்ப்பை உருவாக்கிய ஜஸ்டின் பிராங்கல் தொடங்கிய காக்கோஸ் நிறுவனம், ரீப்பருக்கு 60 டாலர், 225 டாலர் என இரண்டு விலை வைத்திருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கும், கல்வி நிலையங்களுக்கும், இதை வைத்துத் தொழில் செய்தாலும் ஆண்டு மொத்த வரவு 20,000 டாலரைத் தாண்டாதவர்களுக்கும் 60 டாலர்தான். இரண்டு விலைக்கும் கிடைப்பது ஒரே மென்பொருள். வசதிகளை வெட்டிவிட்டு மலிவுப் பதிப்பென்று விற்காமல், வாங்குபவரின் வரவைப் பார்த்து விலை கேட்பதைத்தான் நான் நியாயம் என்கிறேன். 7ஆம் பதிப்புக்கு வாங்கும் உரிமம் 8.99ஆம் பதிப்பு வரை செல்லும் என்பதால், பல ஆண்டுகளுக்கு மறுபடி பணம் கட்ட வேண்டியிராது.

ஆயினும் 60 டாலர் என்பது நம் பணத்தில் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல். ஒரு மாணவருக்கு அது நல்ல மைக் வாங்கும் தொகை. முடியாதவர்கள் கிராக் என்னும் பூட்டுடைத்த திருட்டுப் பிரதியின் பக்கம் போக வேண்டாம். ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருள் முற்றிலும் இலவசம். மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் இருக்கிறது. புரோ டூல்ஸின் இலவசப் பதிப்பு 8 ஆடியோ டிராக் தருகிறது, குரலுக்கும் கிட்டாருக்கும் அது தாராளம்.

மாதச் சந்தாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் நண்பர் ஒருவர் ஒரு நிறுவனத்தின் சந்தா மென்பொருளில் தம் தாயாரின் தாலாட்டைப் பதிந்து வைத்திருந்தார். வேலை போனபோது சந்தாவை நிறுத்தினார். அம்மா மறைந்த பிறகு, குரலை மட்டும் தனியாக எடுக்க அந்தக் கோப்பைத் திறந்தார். புதுப்பித்தால்தான் திறக்கும் என்றது திரை. அன்றிலிருந்து நான் எதில் பதிவு செய்தாலும், ஒவ்வொரு டிராக்கையும் எந்த ஒலி மென்பொருளிலும் திறக்கும் தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து வேறொரு வன்வட்டில் வைத்துவிடுகிறேன். நீங்களும் இன்றைக்கே அதைச் செய்து வையுங்கள்.